வசந்தகாலப் பனிப்புயல் ஓய்ந்த இரண்டாம் நாள் மலைக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து மலைகளில் பனிச்சறுக்குப் பயணம் போகிறவர்கள். மூன்று பேர் பனிச்சரிவுப் பாதுகாப்புக்கான அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறோம். நான்காவது நண்பர் எங்களைவிட நன்றாகச் சறுக்குவார். ஆனால் பயிற்சி இல்லை. பத்து நாள் நல்ல வெயிலுக்குப் பிறகு, புதன் இரவு தொடங்கி வெள்ளி காலை வரை பனிப்புயல் வீசி 45 சென்டிமீட்டர் புதுப் பனி கொட்டியிருக்கிறது. மேற்கிலிருந்து பலத்த காற்று. சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்குமாம். அன்று இரவு மேகமூட்டம், ஞாயிறு மறுபடியும் வெயில். வடகிழக்கு பார்த்த ஒரு பெரிய பள்ளச் சரிவில் ஏறிச் சறுக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் தெற்குச் சரிவைக் குறுக்கே கடந்து திரும்புவது திட்டம். பள்ளத்தின் சாய்வு 35 டிகிரி இருக்கும். பனிச்சரிவு முன்னறிவிப்பில் 2,400 மீட்டருக்கு மேல் வடக்கு, கிழக்குச் சரிவுகளுக்கு மூன்றாம் நிலை அபாயம். மற்ற இடங்களில் இரண்டாம் நிலை, பிற்பகலில் உயரும் என்று இருக்கிறது. ஞாயிறு காலைக்குள் புயல் நின்று 48 மணி நேரம் ஆகிவிடும். அது போதாதா? பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? சென்ற ஆண்டு இதே வாரம் அங்கே போய் நல்லபடியாகத் திரும்பினோம்.

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு அன்று அந்த வடகிழக்குப் பள்ளத்துக்குள் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் தெற்குச் சரிவைக் கடக்கும் எண்ணத்தையும் கைவிடுங்கள். மலைக்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வில், தலைக்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் தொங்கிக்கொண்டிருக்காத பாதை ஒன்று கிடைத்தால், அதில் போய்வாருங்கள்.

புயலுக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. குளிர்காலத்தின் நடுவில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. வசந்தத்தில் நாள் கணக்கு பாதிக் கதையைத்தான் சொல்லும். புயலுக்குப் பிந்தைய வெதுவெதுப்பு, புதுப் பனியை அமுக்கி இறுகச் செய்கிறது. அதே வெதுவெதுப்பு சில மணி நேரம் கூடினால் பனிக்குள் நீர் சுரந்து, இறுகியதைத் தளர்த்திவிடுகிறது. நிழல் விழும் சரிவு ஒரு வேகத்தில் மாறுகிறது, வெயில் விழும் சரிவு வேறொரு வேகத்தில். ஆகவே எந்தச் சரிவு, எந்த மணி நேரம், அதற்கு முந்தைய இரவு எப்படிப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வடகிழக்குப் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். பனிச்சரிவுகளில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் பாளமாக உடைந்து வரும் பனிதான். மேலே ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய பனிப்பாளம்; அதன் அடியில் பிடிமானம் இல்லாத மெல்லிய அடுக்கு; கீழே போதுமான சாய்வு. இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு மனிதரின் எடை போதும். பாளப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் தொடங்குகின்றன. 38 டிகிரியை ஒட்டியவை மிக அதிகம். உங்கள் 35 டிகிரி அந்த வரம்பின் நடுவில் இருக்கிறது.

இனி பாளத்தைப் பாருங்கள். 45 சென்டிமீட்டர் என்பது காற்று படாத இடத்தில் அளந்த கணக்கு. மேற்குக் காற்று முகட்டின் மறுபக்கத்துப் பனியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, காற்று மறைவான கிழக்கு, வடகிழக்குச் சரிவுகளில்தான் இறக்கியிருக்கும். வானத்திலிருந்து விழும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்றால் பனியைக் குவிக்க முடியும். உங்கள் பள்ளத்தின் மேல் விளிம்பில் ஒரு மீட்டருக்கு மேல் குவிந்திருந்தாலும் எனக்கு வியப்பில்லை. அப்படிக் குவியும்போது படிகங்கள் நொறுங்கி நெருக்கமாக அடுக்கப்படுவதால் அது இறுகிய பாளமாகிறது. சறுக்குவதற்கு அருமையாக இருக்கும், காலடியில் உறுதியாகத் தோன்றும். அந்த உறுதிதான் ஓர் இடத்தில் விழுந்த விரிசலைச் சரிவு முழுக்கக் கொண்டுபோகிறது.

அடுத்தது, அந்தப் பாளம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'பத்து நாள் நல்ல வெயில்' என்ற சொற்களில்தான் என் கண் நின்றது. தெளிந்த வானமுள்ள இரவுகளில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து கடுமையாகக் குளிர்ந்துவிடும். சில சென்டிமீட்டர் கீழே உள்ள பனி அதைவிட வெப்பமாக இருக்கும். இந்த வேறுபாட்டால் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, நிழற்சரிவின் மேல்பரப்புப் படிகங்களைக் கோணலான, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றும். கையுறையில் அள்ளி அமுக்கினால் உருண்டை பிடிக்காது. விரல்களுக்கு நடுவே உதிரும். பத்து நாள் இப்படி நடந்த பரப்பின் மேல் 45 சென்டிமீட்டரும் காற்றடித்த பனியும் விழுந்தால், உதிரி அடுக்கு அப்படியே உள்ளே புதைந்துவிடும். புதுப் பனிக்கும் பழைய பனிக்கும் இடையிலான சாதாரணப் பிடிமானக் குறை ஓரிரு நாளில் சரியாகலாம். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்ற கணக்கெல்லாம் அதைப் பற்றியதுதான். புதைந்த உதிரி அடுக்கு அப்படிப்பட்டதல்ல. அது நாள்கணக்கில், சில ஆண்டுகளில் வாரக்கணக்கிலும் ஆறாமல் கிடக்கும். வடக்கு, கிழக்குச் சரிவுகளைத் தனியாகப் பிரித்து மூன்றாம் நிலை என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதன் கீழே உள்ள விளக்கப் பத்தியைத் தேடிப் படியுங்கள். நீடிக்கும் பலவீன அடுக்கு என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், 48 மணி நேரக் கணக்கை மறந்துவிடலாம்.

மூன்றாம் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அபாய அளவுகோலில் ஐந்து நிலைகள் இருப்பதால் மூன்று என்றதும் 'நடுத்தரம்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நான்காம் நிலையில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றாம் நிலையில் வானம் நீலமாக இருக்கிறது, பனி புதிதாக இருக்கிறது, எல்லோரும் கிளம்புகிறார்கள். உயிரிழப்புகளில் பெரும் பங்கு இந்த நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் நிகழ்கிறது. செங்குத்தான சரிவில் ஒரே ஒருவரின் எடைக்கே பாளம் உடையக்கூடும் என்பதுதான் மூன்றாம் நிலையின் பொருள்.

பள்ளத்தில் ஏறாமல் அதன் அடியில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். 2013 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் கிரீக் என்ற இடத்தில் ஆறு பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள்; ஐவர் இறந்தார்கள். பனிமலையில் பழகியவர்கள், மீட்புக் கருவிகளைக் கையோடு வைத்திருந்தவர்கள். வடக்கு பார்த்த ஒரு சரிவின் அடிப்பகுதியைக் கடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே பனி உடைந்து இறங்கியது. உடைந்தது புயல் கொண்டுவந்த பனிக்கும் வெகு கீழே, பருவத்தின் தொடக்கத்திலேயே தரையை ஒட்டி உருவாகியிருந்த பலவீன அடுக்கில். புதைந்த அடுக்கில் விரிசல் பரவ, சரிவின் மேல் ஏறியிருக்க வேண்டியதில்லை. அதோடு தொடர்புடைய சமதளத்தில் காலை வைத்தாலே போதும்.

தெற்குச் சரிவுக்கு வருவோம். அங்கே நிலைமை முற்றிலும் வேறு. பத்து நாள் வெயிலில் பகலில் உருகி இரவில் உறைந்து, மேலே கெட்டியான பனிப்பொருக்கு உருவாகியிருக்கும். அதன் மேல் புதுப் பனி. புயல் வெதுவெதுப்பாகத் தொடங்கிப் படிப்படியாகக் குளிர்ந்திருந்தால், முதலில் விழுந்த ஈரப் பனி பொருக்கோடு நன்றாக ஒட்டியிருக்கும். உங்கள் புயல் இரவில் தொடங்கியிருக்கிறது. உறைந்து வழவழத்த பொருக்கின் மேல் குளிர்ந்த பனி விழுந்திருந்தால் பிடிமானம் குறைவு. அருகில் உள்ள வானிலை நிலையத்தின் வெப்பநிலைப் பதிவில் புதன் இரவையும் வெள்ளி காலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பலரும் செய்வதில்லை.

புதுப் பனி தன் மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் லேசாக ஈரமானதும் அதன் மணிகள் உருண்டு பெருத்து, வெயிலை மேலும் மேலும் உள்ளே வாங்கத் தொடங்கும். ஆகவே மாற்றம் சீராக வராது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லாததுபோல் இருந்துவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் சரிவு வேறாகிவிடும். வட அரைக்கோளத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்துச் சூரியன் ஆகஸ்டு மூன்றாம் வாரத்துச் சூரியனின் உயரத்தில் நிற்கிறது என்பதைக் குளிர்க் காற்று நம்மை மறக்க வைத்துவிடுகிறது. கிழக்குச் சரிவு காலையிலும், தெற்குச் சரிவு நண்பகலை ஒட்டியும், மேற்குச் சரிவு பிற்பகலிலும் தளரும். உருகிய நீர் கீழே இறங்கிப் பொருக்கை எட்டியதும் அங்கேயே தேங்கும். உங்கள் திட்டப்படி தெற்குச் சரிவின் நடுவில் நீங்கள் நிற்கப்போவது மிகச் சரியாக அந்த நேரத்தில்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது சனி இரவு மேகமூட்டம் என்ற செய்தி. வசந்தகாலப் பயணத்தின் பாதுகாப்பு முழுக்க முந்தைய இரவின் உறைதலைச் சார்ந்தது. வானம் தெளிவாக இருந்தால், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூடப் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை இழந்து உறைந்துவிடும். மேகம் மூடினால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. சனிக்கிழமை வெயிலில் ஈரமான பனி ஈரமாகவே விடியும். அப்போது அதிகாலையில் கிளம்பினால் தப்பித்துவிடலாம் என்ற வழக்கமான உபாயமும் பலிக்காது. இன்னொன்று: மெல்லிய மேகமோ மூடுபனியோ கவிந்து வெயில் ஊடுருவும் பொழுது, வெப்பம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் நிழற்சரிவுகள்கூட ஈரமாகிவிடும். வடக்குச் சரிவில் வெயில் விழாது என்ற நம்பிக்கையை அன்று தள்ளிவையுங்கள்.

உறைந்ததா இல்லையா என்பதைக் கிளம்பும் இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஊன்றுகோலின் முனையால் பனியைத் தட்டுங்கள். நன்றாக உறைந்திருந்தால் கணீரென்று ஒலிக்கும், முனை இறங்காது. அத்தோடு விட்டுவிடக் கூடாது. குதிகாலால் மேற்பரப்பை உடைத்து, எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓட்டுக்குக் கீழே ஈரச் சேறுபோல் பனி இருந்தால் அது வெறும் மேல்தோல். வெயில் ஏறிய சற்று நேரத்தில் போய்விடும். அடியில் உள்ள பனியைக் கையுறையில் எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டினால் அன்று செங்குத்துச் சரிவுகள் உங்களுக்கு இல்லை. ஸ்கீயை (சறுக்குப் பலகையை) கழற்றிவிட்டு நின்றால் ஈரப் பனியில் கால் கணுக்காலைத் தாண்டிப் புதைகிறதா? பாறைகளைச் சுற்றியிருந்து பனி உருண்டைகள் தாமாகக் கிளம்பி, சுருண்டு பெருத்தபடி கீழே ஓடுகின்றனவா? இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தத் திசைச் சரிவிலிருந்து விலகிவிடுங்கள். ஈரப் பனிச்சரிவு காய்ந்த பாளத்தைப்போல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வராது. ஆனால் ஒரு கன மீட்டர் அரை டன் வரை எடை இருக்கும். நின்ற மாத்திரத்தில் இறுகிவிடும்.

நிழற்பக்கத்தில் தேட வேண்டிய அறிகுறிகள் வேறு. அருகில், அதே திசையும் உயரமும் உள்ள சரிவில் புதிதாக உடைந்த தடம். நடக்கும்போது காலடியில் 'வும்' என்ற அமுங்கிய ஓசையோடு பனி சற்றே இறங்குவது. ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடுவது. இவை பனியே நேராகச் சொல்லும் சாட்சிகள். இவற்றைவிடப் பெரிய ஆதாரம் எந்தக் கருவியிலும் கிடைக்காது. இவற்றில் ஒன்று தென்பட்ட பிறகு, இன்னொரு சோதனை செய்து பார்ப்போம் என்று பேசிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முகட்டில் காற்று கட்டிய பனித் தொங்கல்களையும் நிமிர்ந்து பாருங்கள். வெப்பம் ஏறினால் அவை உடைந்து விழுந்து, அடியில் உள்ள சரிவையே கிளப்பிவிடும். முகட்டின் மேல் நடப்பவர்களுக்கு எச்சரிக்கை: நாம் நினைப்பதைவிடப் பின்னால் தள்ளித்தான் அவை முறியும்.

குழி தோண்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோண்டுங்கள், நல்ல பழக்கம். நீட்டித்த தூண் சோதனையைப் பயிற்சியில் செய்திருப்பீர்கள்: சரிவின் குறுக்கே 90 சென்டிமீட்டர் அகலம், சரிவின் மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் நீளம் கொண்ட பனித் தூணைச் சுற்றிலும் வெட்டித் தனியாக்கி, அதன் ஓர் ஓரத்தில் ஷவலை (பனி அள்ளும் மண்வாரியை) வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவது. விரிசல் தோன்றி, அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ தூண் முழுக்க ஓடிவிட்டால், அந்தச் சரிவு வேண்டாம். அப்படி ஓடவில்லை என்றால்? அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றடித்த பள்ளத்தில் சில மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு பனி இருக்கும். பாளம் மெலிந்த ஓர் இடத்தில்தான் பெரும்பாலும் பலவீன அடுக்கை நம் எடை எட்டித் தொடும். அந்த இடத்தில்தான் குழி தோண்டினோம் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? தவிர, காலை எட்டு மணிக்குத் தோண்டிய குழிக்குப் பிற்பகல் இரண்டு மணியின் ஈரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு சரிவுக்கு 'வேண்டாம்' சொல்லக் குழியைப் பயன்படுத்துங்கள். 'வேண்டாம்' என்று ஏற்கெனவே சொல்லப்பட்ட சரிவை 'சரி' என்று மாற்றுவதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

சென்ற ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பது சென்ற ஆண்டின் பனியைப் பற்றிய செய்தி. இந்த ஆண்டின் அடுக்குகள் வேறு. அன்றுகூட அந்தச் சரிவு உறுதியாக இருந்ததா, அல்லது உடையும் புள்ளியை மிதிக்காமல் வந்தீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கம்மன், பழகிய இடம் என்ற எண்ணம் பயிற்சி பெற்றவர்களையே கவனம் தளரச் செய்கிறது என்று காட்டினார். அங்கே போனதும் சறுக்குத் தடங்கள் கிடந்தால் மனம் இன்னும் இளகும். ஏற்கெனவே பத்துத் தடம் விழுந்த சரிவு பதினோராவது ஆளுக்கு உடைந்ததுண்டு. இதை நால்வரும் கீழே, வண்டி நிறுத்திய இடத்திலேயே பேசிவிடுங்கள். மேலே போய்த் தடங்களைப் பார்த்துக்கொண்டு பேசினால் பேச்சு ஒரே பக்கம்தான் சாயும்.

ஞாயிறுக்கான பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் சாய்வுக் கோணத்தைக் காட்டும் வண்ணப் பூச்சைப் பாருங்கள். ஆனால் அதையே முழுக்க நம்பாதீர்கள். சமஉயரக் கோடுகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் பதினைந்து மீட்டர் செங்குத்துத் திட்டை அது காட்டாது. ஊன்றுகோலைச் சரிவின் மேல் கிடத்தி, கோணமானியை அதன் மேல் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். பாதை 25 டிகிரியாக இருந்தாலும், அதற்கு மேலே 35 டிகிரிச் சரிவு இருந்தால் மேலிருந்து வருவது உங்கள் மீதுதான் இறங்கும். ஓடைப் பள்ளங்களைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே சிறிய பனிச்சரிவுகூட ஆளை ஆழப் புதைத்துவிடும். அகன்ற, மரங்கள் அடர்ந்த மேட்டு முதுகு கிடைத்தால் அதுவே அன்றைக்கு நல்ல இடம். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். பனி இளகத் தொடங்குமுன் கீழே வந்துவிடுங்கள்.

அந்தப் பள்ளம் எப்போது தயாராகும் என்று கேட்பீர்கள். முன்னறிவிப்பிலிருந்து அந்தப் பலவீன அடுக்கு பற்றிய எச்சரிக்கை நீங்க வேண்டும். புதிய உடைப்புகள் பற்றிய செய்தி நிற்க வேண்டும். வெயில் படும் சரிவுகள் சில பகல் உருகி, சில இரவு நன்றாக உறைந்தால் தேறிவிடும். நிழற்சரிவு அதைவிட மெதுவாகவே ஆறும். அங்கே உருகிய நீர் முதன்முறையாக அந்த உதிரி அடுக்கை எட்டும் நாட்களில் அபாயம் திரும்பவும் கூடும். எனவே அடுத்த வாரம் என்று தேதி குறித்துக் கொடுக்க என்னால் முடியாது.

கடைசியாக உங்கள் நான்காவது நண்பர். நன்றாகச் சறுக்குவது பனிச்சரிவில் அவரைக் காப்பாற்றாது. உங்களில் ஒருவர் புதைந்தால் அவரைத் தேட இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் கைமீறிவிடும். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. தேடும் கருவி (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்ட, ஒவ்வொருவரும் உடலில் அணிவது), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, ஷவல் மூன்றும் நால்வரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பையில் கருவியை இயக்க நிலையில் வைத்து, அவர் பார்க்காத இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். மற்ற மூவரும் அதையே செய்யுங்கள். பயிற்சி முடித்தவர்களுக்கும் ஒரு பருவத்தில் கை மறந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் பையைத் தோண்டி எடுக்க முடியவில்லை என்றால், முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஞாயிறு காலை கிளம்பும் இடத்தில், கருவி நால்வரிடமும் ஒலிபரப்பும் நிலையில் இருக்கிறதா என்று ஒருவர் நின்று ஒவ்வொருவராகச் சோதித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.